ஒன்றரை மணி மாத்திரை

உறக்கம் வராத ஊரில் நான் தங்குவதில்லை. இதைக் கொள்கை என்று சொல்ல முடியாது. எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவனுக்கு என்ன கொள்கை? பழக்கம், அவ்வளவுதான். வடக்கே மேற்குக் கடற்கரையில், மல்பேயில் விசைப்படகுகளுக்கு ஐஸ் உடைத்துப் போடும் வேலையில் இருந்தேன். ஒரு வருடத்துக்கு மேல் வலைக்குவியலின் மேலேயே கட்டை போல உறங்கினேன். பிறகு ஒரு மாதம் தினமும் பாதி ராத்திரியில் விழிப்பு வந்தது. பாக்கிக் கூலி வாங்கிய மறுநாள் பையைத் தோளில் போட்டுவிட்டேன். கொல்லத்தில் முந்திரி ஆலை, சேலம் பக்கம் செங்கல் சூளை, புனே போகிற லாரியில் கிளீனர், ஒரு பரோட்டாக் கடை. எல்லா இடத்தையும் இப்படித்தான் விட்டேன். யாரோடும் சண்டை கிடையாது. உறக்கம் கலைய ஆரம்பித்தால் அந்த மண்ணுக்கு என்னைப் பிடிக்கவில்லை என்று எடுத்துக்கொள்வேன். மண்ணோடு போய் என்ன வழக்காடுவது?

நாற்பத்து நான்கு வயதில் திருவட்டாறுக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்கு வந்து சேர்ந்தேன். பதினாறு வயதில் பழகிய தொழில், கை மறக்கவில்லை. தோட்டத்தின் கீழ் விளிம்பில் ஓடு போட்ட இரண்டு வீடுகள். ஒன்றில் என்னோடு வெட்டுகிற ஒருவர். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர், வாய் ஓயாதவர். மற்றதில் நான். தோட்டத்திலிருந்து சாலைக்கு இறங்குகிற இடத்தில் ஒரு வாடகை அறையில் தையல் மிஷினோடு ஒரு பெண் இருந்தாள். அஞ்சுகிராமம் பக்கத்துக்காரி. காற்றும் பனையுமாகக் கிடக்கிற கிழக்கிலிருந்து, புருஷன் இறந்தபின் தெரிந்தவர்களைப் பிடித்து இந்த மழைக்காட்டுக்கு வந்திருந்தாள். என் சட்டைக்குப் பொத்தான் வைக்கக் கொடுத்தேன். பிறகு வேண்டுமென்றே சில பொத்தான்களை அறுத்துக்கொண்டு போனேன். நாலாவது சட்டைக்கு அவள் கேட்டாள்: "இது பல்லால கடிச்ச மாதிரியில்ல இருக்கு?"

கல்யாணப் பேச்சு வந்தபோது என் பழக்கத்தை ஒளிக்காமல் சொல்லிவிட்டேன்.

"உறக்கம் வராத இடத்துல நான் நிக்கமாட்டேன். பின்னே சொல்லலேன்னு சொல்லப்படாது."

"அதுக்கு நான் என்ன செய்யணும்? தெனம் தாலாட்டுப் பாடணுமா?" என்றாள்.

அவள் வழக்கமாகக் கும்பிடப் போகும் நிழல்தாங்கலில் வைத்து, அவள் தம்பியும் என் பக்கத்து வீட்டுக்காரரும் பார்க்க, மாலை மாற்றிக்கொண்டோம். தையல் மிஷின் என் வீட்டுக்கு வந்தது. என் பை சுவர் ஆணியில் தொங்கியது. அதை அவள் ஒருநாளும் எடுத்து உள்ளே வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.

பால்வெட்டுகாரனுக்கு உறக்கம் இரண்டு துண்டு. மரத்தில் பால் நன்றாக ஓட வேண்டுமானால் குளிர்ச்சியிலேயே வெட்ட வேண்டும். அதனால் ராத்திரி ஒன்றரைக்கு எழுந்து, பால் விடாத கட்டஞ்சாயா குடித்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு ஏறிவிடுவோம். விடியும்போது வெட்டு முடியும். பால் சிரட்டையில் சொட்டி முடிகிறவரை காத்திருந்து, எடுத்து, ஊற்றி, உறைய வைத்து, வீட்டுக்கு வந்து கஞ்சியும் மரச்சீனிக் கிழங்கும் தின்ன பத்து மணி ஆகிவிடும். பிறகு பதினொன்று முதல் இரண்டு வரை ஓர் உறக்கம். சாயங்காலம் ஆறரை ஏழுக்குப் படுத்தால் ஒன்றரை வரை இன்னொன்று. ஊரார் செய்தி பார்க்க உட்காரும்போது நாங்கள் பாதி உறக்கத்தில் இருப்போம். பகல் உறக்கத்தின்போது அவள் மிஷினை நிறுத்திவிடுவாள். பள்ளி திறக்கும் மாதத்தில் சீருடை மலை போலக் குவிந்தாலும் அந்த மூன்று மணி நேரம் மிதிக்கமாட்டாள். ஊசியும் நூலுமாக உட்கார்ந்து கையால் செய்யக்கூடியதைச் செய்வாள். நான் கேட்டு அவள் செய்ததில்லை.

மூன்று வருடம் இப்படிப் போனது. நான் ஒரே இடத்தில் அவ்வளவு நாள் இருந்தது அதுவே முதல் தடவை.

நாலாவது வருடம் தாகம் வந்தது. பகலில் படுத்தால் ஒரு மணி நேரத்துக்குள் எழுந்து செம்பு நிறைய வெள்ளம் குடிப்பேன். குடித்ததை வெளியே விட மறுபடி எழுவேன். ஒருநாள் விடிகாலையில் பக்கத்து வீட்டுக்காரர் என் வரிசை மரங்களுக்கு நடுவே நின்று கூப்பிட்டார்.

"மக்கா, இங்கோட்டு வா. உனக்க மரத்துல தேன் வடியுது."

போய்ப் பார்த்தேன். நான் ஒதுங்குகிற மரத்தடியில் எறும்பு வரிசை போட்டிருந்தது.

"சிரிக்காதீரும் வே," என்றேன்.

"நான் எதுக்குச் சிரிக்கேன்? எறும்பு இவ்வளவு சந்தோசமாட்டு இருக்குதே, அதைப் பாத்துச் சிரிக்கேன். தக்கலையில போயி ரத்தம் குடுத்துப் பாரு. அப்புறமாட்டு கால் விரலை வெட்டணும்னு சொன்னா என்னைக் குத்தம் சொல்லாதே."

தக்கலையில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் ரத்தம் கொடுத்தேன். சர்க்கரை இருந்தது. கொஞ்சம் இல்லை, நிறைய. டாக்டர் மாத்திரை எழுதினார். சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் என்றார். சோற்றைக் குறை, இனிப்பு வேண்டாம் என்றார். மருந்து கொடுக்கும் இடத்தில் உறையின் மேல் 1-0-1 என்று எழுதிக் கொடுத்தார்கள். காலை ஒன்று, மதியம் வேண்டாம், இரவு ஒன்று. இதைப் புரிந்துகொள்ள எட்டாம் வகுப்பே அதிகம் என்று நினைத்தேன்.

எழுந்ததும் ஒன்று போட்டேன். படுக்கப் போகும்போது ஒன்று போட்டேன். எழுவது ஒன்றரைக்கு. படுப்பது ஏழுக்கு.

சாப்பாட்டைக் குறைப்பது எனக்குச் சிரமமே இல்லை. பட்டினி கிடந்த நாட்கள் என் கணக்கில் ஏராளம். லாரியில் போனபோது ஒருமுறை இரண்டு நாள் பச்சைத் தண்ணீரில் ஓட்டியிருக்கிறேன். அதனால் ராத்திரிச் சாப்பாட்டை ஏறக்குறைய நிறுத்திவிட்டேன். ஆறு மணிக்கு நாலு வாய் கஞ்சித் தண்ணீர், கூடக் கொஞ்சம் துவையல். அவள் தட்டில் எதையாவது வைத்தால் தள்ளிவிடுவேன். மற்றவர்களுக்குக் கஷ்டமான வைத்தியம் எனக்கு எளிது என்பதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

முதல் இரண்டு வாரம் ஒன்றும் தெரியவில்லை. மறுபடி ரத்தம் பார்க்க வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்தார்கள். என் வெறும் வயிறு பத்து மணிவரை. அந்நேரம்வரை பால் எடுக்கிற வேலை கிடக்கிறது. அதனால் வேலை முடித்து, கஞ்சியும் மரச்சீனியும் வயிறு நிறையத் தின்றுவிட்டு, பஸ் பிடித்துப் போய் பன்னிரண்டு மணிக்கு விரலை நீட்டினேன். சாப்பிட்டாயா என்று கேட்டதற்கு, கொஞ்சம் என்றேன். சர்க்கரை குறையவே இல்லை. மாத்திரையின் அளவைக் கூட்டினார்கள். என் மேல் குற்றம், அவர்கள் மேல் இல்லை.

அதன்பிறகுதான் உறக்கம் போனது.

ஏழு மணிக்குப் படுத்தவுடன் உறங்கிவிடுவேன். பத்து, பதினொன்று ஆகும்போது கெட்ட கனவு வரும். சிரட்டையெல்லாம் நிறைந்து பால் வழிகிறது, நான் ஓடி ஓடிப் பிடிக்கிறேன், தரையெல்லாம் வழுக்குகிறது. அல்லது மல்பேயில் ஐஸ் பாளம் என் நெஞ்சின் மேல் கிடக்கிறது. திடுக்கிட்டு எழுந்தால் பனியன் பிழிகிற அளவுக்கு நனைந்திருக்கும். நெஞ்சுக்குள் யாரோ செண்டை அடிப்பார்கள். காற்றாட வெளியே போய் நிற்பேன். மறுபடி வந்து படுத்தால் ஒன்றரை வரை கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். பகல் உறக்கமாவது உண்டா என்றால், அதைத் தாகமும் மூத்திரமும் தின்றன. அவள் மிஷினை நிறுத்திவிட்டு எனக்காகச் சும்மா உட்கார்ந்திருப்பாள். நான் புரண்டுகொண்டிருப்பேன்.

மழை பெய்கிற நாளில் மட்டும் நன்றாக உறங்கினேன். மழையில் வெட்டு இல்லை. ஒன்றரைக்குக் காது கொடுத்துப் பார்ப்பேன். ஓட்டில் மழைச் சத்தம் கேட்டால் திரும்பிப் படுத்து ஆறுவரை உறங்குவேன். ஏழுக்கு மாத்திரை, பிறகு தோசை. வேலை இல்லாத அலுப்பில் சாயங்காலம் அவள் மரச்சீனி அவித்து மீன் குழம்பு வைத்தால், ஒருநாள்தானே என்று தின்றுவிடுவேன். அன்று ராத்திரி கனவே வராது. இதற்கும் நான் ஒரு விளக்கம் வைத்திருந்தேன். மழைச் சத்தம் உறக்கத்துக்கு நல்லது என்பதே அது.

பக்கத்து வீட்டுக்காரர் வேறு விளக்கம் வைத்திருந்தார்.

"அந்த வீட்டுல முன்னே கெடந்தவனுக்கும் உறக்கம் கெடயாது, கேட்டியா."

"அவருக்கு என்ன ஆச்சு?"

"ஒருநாள் ராத்திரி எழும்பி ஓடினவன்தான். திரும்பி வரல்ல."

"பயந்தா?"

"பயந்துதான். வாடகைப் பாக்கி கேட்டு ஆளு வருகுன்னு எவனோ சொல்லியிருக்கான்."

சிரித்தேன். ஆனால் அந்த வாரமே நடந்த ஒன்று சிரிப்பாக இல்லை. நாலு மணி இருக்கும், பாதி மரங்கள் முடிந்திருந்தன. கத்தி பிடித்த கை நடுங்கியது. விளக்கு வெளிச்சத்தில் பட்டை இரண்டாகத் தெரிந்தது. கத்தி பட்டையைத் தாண்டி உள்ளே இறங்கி மரத்தின் எலும்பில் பட்டது. பால்வெட்டுகாரனுக்கு இதைவிட வெட்கம் இல்லை. பட்டையின் கடைசி மெல்லிய அடுக்கை விட்டு வெட்டத் தெரிந்தவன்தான் வெட்டுகாரன். காயம் பட்ட இடம் முண்டாக வீங்கி நிற்கும். அந்த இடத்தில் அப்புறம் கத்தி போகாது. அன்று மூன்று மரங்களைக் காயப்படுத்தினேன். விடிந்ததும் மண்ணைக் குழைத்து அப்பினேன், மறைக்கிறவன் மாதிரி.

அந்த மரங்களைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்குத் தோன்றியது, இந்த மண்ணுக்கும் என்னைப் பிடிக்காமல் போய்விட்டது.

பகல் கஞ்சி குடிக்கும்போது அவளிடம் சொன்னேன். "இந்த வாரம் முடிஞ்சா நான் ஒரு எடம் போலாம்னு இருக்கேன். மல்பேயில தெரிஞ்ச ஆளு உண்டு."

அவள் மிஷினில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"எத்தனை நாளைக்கி?"

நான் கஞ்சியைக் கலக்கினேன்.

"மிஷினையும் தூக்கிட்டு வரணுமா, இல்லே நீங்க மட்டுமா?"

அவளைக் கூட்டிப்போக வேண்டும் என்று எனக்குத் தோன்றியிருக்கவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். இதுவரை நான் மட்டும்தானே எழுந்து போயிருக்கிறேன். இரண்டு பேராகப் போவது எப்படி என்று தெரியாது.

"உறக்கம் வரமாட்டேங்கு," என்றேன்.

"தெரியும். நானும் அதே கட்டில்லதானே கெடக்கேன்," என்றாள். மிஷினை மிதித்தாள். அன்று பதினொரு மணிக்கு அவள் மிஷினை நிறுத்தவில்லை. மூன்று வருடத்தில் முதல் தடவை. நான் போய்ப் படுத்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கிடந்தேன்.

சாயங்காலம் பையை ஆணியிலிருந்து எடுத்துத் தட்டினேன். பல்லி முட்டை ஒன்று விழுந்து உடைந்தது. இரண்டு சட்டை, ஒரு கைலி எடுத்து வைத்தேன். கஞ்சித் தண்ணீரும் வேண்டாம் என்று மாத்திரையை மட்டும் விழுங்கிவிட்டுப் படுத்தேன்.

அந்த ராத்திரி நடந்ததை அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பதினொன்றுக்கு நான் உறக்கத்தில் கையை வீசி அவள் தோளில் அடித்திருக்கிறேன். விளக்கைப் போட்டுப் பார்த்தால் உடம்பெல்லாம் குளிர்ந்து வியர்த்துக் கிடந்திருக்கிறேன். கண் திறந்திருந்தும் ஆள் மனசிலாகவில்லை. "ஐஸை உடை, ஐஸை உடை" என்று அவளுக்கு உத்தரவு போட்டிருக்கிறேன். நான் எதையோ கண்டு பயந்துவிட்டேன் என்று அவள் நினைத்தாள். அவள் ஊரில் பயந்து வியர்த்தவர்களுக்குச் சுக்கும் கருப்பட்டியும் போட்டுக் காப்பி வைத்துக் கொடுப்பார்கள். ஓடிப்போய் அடுப்பில் வைத்தாள். கைக்கு வந்த கருப்பட்டி முழுவதையும் போட்டாள். ஆற்றி, என்னைச் சுவரில் சாய்த்து உட்கார வைத்து, நான் குடிக்கிறேனா என்று பார்த்துப் பார்த்து வாயில் விட்டாள். பாதி டம்ளர் உள்ளே போனதும் நான் அவளைப் பார்த்து, "நீ எப்போ மல்பேக்கு வந்தே?" என்று கேட்டேனாம். முழு டம்ளரும் போனபின் அவள் பெயரைச் சொன்னேனாம். அதற்கப்புறம் மிச்சமிருந்த அவியலையும் சோற்றையும் உருட்டிக் கொடுத்திருக்கிறாள். தின்றிருக்கிறேன்.

பிறகு உறங்கினேன். அப்படி உறங்கி எத்தனை மாதம் ஆயிற்றோ. ஒன்றரைக்கு எழவில்லை. மாத்திரை போடவில்லை. வெளியே பக்கத்து வீட்டுக்காரர் கதவை உடைக்கிற சத்தத்தில் கண் விழித்தேன்.

"ஏலே! செத்துப் போனியா? மணி அஞ்சாவுது! எனக்க வரிசை முடிஞ்சுட்டு, உனக்க மரமெல்லாம் காத்துக் கெடக்கு!"

அவள்தான் கதவைத் திறந்தாள். "செத்த மெதுவா கத்துங்க அண்ணாச்சி. உறங்குதாரு."

"உறங்குதானா? இவனா?" அவர் தலையை உள்ளே நீட்டி என்னைப் பார்த்தார். "என்ன குடுத்தே தங்கச்சி? எனக்கும் கொஞ்சம் தா."

எனக்கு நினைவு மெல்ல வந்தது. தலைமாட்டில் டம்ளர் இருந்தது. அடியில் கருப்பட்டி மண்டி. மோந்து பார்த்தேன். கோபம் வந்தது.

"கருப்பட்டியா குடுத்தே? எனக்குச் சீக்கு என்னன்னு தெரியாதா உனக்கு?"

"கருப்பட்டி ஒண்ணும் செய்யாது. எங்க ஊருல சுகருகாரங்க எல்லாரும் அதைத்தான் குடிக்காங்க. சீனிதான் கூடாது."

"கூடாதுன்னா எல்லாமே கூடாது."

"அப்போ எப்படி உறங்குனீய?"

அவள் விடவில்லை. அடுப்படியில் நின்றுகொண்டே ஒவ்வொன்றாகச் சொன்னாள். மழை நாளில் உறங்குகிறேன். மழை நாளில் ராத்திரி தின்கிறேன். மழை இல்லாத நாளில் தின்பதில்லை, உறங்குவதும் இல்லை. நேற்று தின்றேன், உறங்கினேன். நேற்று மழை பெய்யவில்லை. துணியை அளந்து வெட்டுகிறவளுக்கு இதெல்லாம் கண்ணில் படுகிறது. எனக்குப் படவில்லை.

"போறதுன்னா போங்க," என்றாள் கடைசியில். "தடுக்க மாட்டேன். ஆனா என்கூட ஒருவட்டம் தக்கலைக்கு வந்துட்டுப் போங்க."

பையை ஆணியில் மாட்டாமல் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டுக் கிளம்பினேன்.

டாக்டரைப் பார்க்கும் முன் எடை பார்த்து, ரத்தம் எடுத்து, சீட்டில் எழுதுகிற நர்ஸ் ஒருத்தி இருந்தாள். வயது முப்பது இருக்கும். நடந்ததையெல்லாம் என் மனைவி அவளிடம் ஒரே மூச்சில் சொன்னாள். நான் சுவரில் ஒட்டியிருந்த கால் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணே, மாத்திரை எப்போ போடுதீங்க?"

"காலையில ஒண்ணு. ராத்திரி ஒண்ணு."

"எத்தனை மணிக்கி?"

இந்தக் கேள்வியை அதுவரை யாரும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

"ஒண்ணரைக்கு."

"மதியம் ஒண்ணரைக்கா?"

"இல்ல. ராத்திரி ஒண்ணரை. நான் எழும்பும்போ."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "நீங்க என்ன வேலை அண்ணே?"

"பால்வெட்டு."

"அய்யோ," என்றாள். பிறகு சிரித்துவிட்டாள். "எங்க அப்பாவும் பால்வெட்டுதான். நான் முதல்லயே கேட்டிருக்கணும். போட்டதுக்கு அப்புறம் எப்போ சாப்பிடுவீங்க?"

"பத்து மணிக்கு."

"ராத்திரி?"

"ராத்திரி ஒண்ணும் இல்ல," என்றாள் என் மனைவி. "கஞ்சித் தண்ணி. நேத்து அதுவும் இல்ல. ஏழுக்கு மாத்திரையை மட்டும் முழுங்கிட்டுப் படுத்தாரு."

நர்ஸ் சீட்டின் பின்பக்கம் ஒரு வட்டம் போட்டாள். கடிகாரம், ஆனால் பகலும் ராத்திரியுமாக இருபத்து நாலு மணியும் அதில் இருந்தது. சாயங்காலம் ஏழில் ஒரு புள்ளி வைத்தாள், ராத்திரி ஒன்றரையில் ஒரு புள்ளி.

"பாருங்க. ரெண்டும் ராத்திரிப் பக்கமே கெடக்கு. மாத்திரைக்கு வேலை சர்க்கரையை எறக்குறது. வயித்துல சோறு இருந்தா அதுல உள்ளதை எறக்கும். சோறு இல்லேன்னாலும் எறக்கும், அதுக்குக் கண்ணு கெடயாது. இருட்டுல ரெண்டு மாத்திரையும் சேந்து, வெறும் வயித்துல, மேடு ஏறி எறங்குற ஒடம்புல வேலை செய்யுது. பகல்ல நீங்க மரச்சீனி தின்னும்போ அங்க அதைப் பாக்க ஆளில்லே. அதான் ராத்திரி விழுந்து போவுது, பகல்ல ஏறிப் போவுது. விழுந்தா வேர்த்து எழும்புவீங்க, ஏறினா மூத்திரத்துக்கு எழும்புவீங்க. பின்னே எங்க உறங்குறது?"

கட்டிடத்தின் மேல் ஒரு காக்கை கத்திக்கொண்டிருந்தது. நான் அந்த வட்டத்தையே பார்த்தேன். இரண்டு உறக்கமும் அதற்குள் இருந்தன. இரண்டும் போன வழியும் இருந்தது.

"அப்போ கருப்பட்டி?" என்று கேட்டாள் என் மனைவி. அதில் அவளுக்கு ஒரு தீர்ப்பு வேண்டியிருந்தது.

"அதுவும் சீனிதான் அக்கா. வேற நிறம், அவ்வளவுதான்."

என் மனைவியின் முகம் விழுந்தது. நான் ஜெயித்தவன் மாதிரி நிமிர்ந்தேன்.

"ஆனா நேத்து ராத்திரி அக்கா அதைக் குடுக்கலேன்னா," என்று நர்ஸ் என்னைப் பார்த்துச் சொன்னாள், "இன்னிக்கு நீங்க இங்க உக்காந்து கால் படம் பாத்திருக்க மாட்டீங்க. மனசிலாச்சா அண்ணே?"

மனசிலாயிற்று.

டாக்டர் மாத்திரையைக் குறைத்தார். ஒன்பதரைக்கு ஒன்று, பத்து மணிச் சாப்பாட்டுக்கு முன்னால். ராத்திரிக்கு இருந்ததை மாற்றி வேறொன்றைச் சின்ன அளவில் எழுதினார். அதைச் சாப்பாட்டோடுதான் போட வேண்டும், சாப்பிடாத நாளில் தொடவே கூடாது. ஒன்றரைக்கு எழுந்ததும் வெறும் கட்டஞ்சாயா போதாது, கூட எதையாவது தின்றுவிட்டு ஏற வேண்டும். மடியில் எப்போதும் கொஞ்சம் சீனிப் பொட்டலம். கை நடுங்கினால் கத்தியைக் கீழே வைத்துவிட்டு அதை வாயில் போட வேண்டும். விரலில் குத்திப் பார்க்கிற சின்ன மிஷின் ஒன்றும் வாங்கச் சொன்னார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் ஜன்னலோரம் அவள். பஸ் அழகியமண்டபத்தைத் தாண்டியது.

"இனி உறக்கம் வந்துரும்," என்றேன்.

"வரும்."

"அப்போ நான் போகவேண்டியதில்லே."

அவள் திரும்பிப் பார்த்தாள். "உறக்கம் வந்தா நிப்பீய. வரலேன்னா போவீய. இதுக்கு எடையில நான் எதுக்கு? பாயா, தலகாணியா?"

பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் எங்களைப் பார்த்தார். நான் வெளியே பார்த்தேன். நாற்பத்தெட்டு வயதில் ஒருவன் பதில் தெரியாமல் வெளியே பார்த்துக்கொண்டு வருவது நன்றாக இருக்காது. ஆனாலும் பார்த்துக்கொண்டு வந்தேன். இறங்கி, தோட்டத்துக்கு ஏறும் வழியில், காயப்படுத்திய மூன்று மரங்களும் வந்தன. மண் காய்ந்து உதிர்ந்திருந்தது.

"இனி உறக்கம் போனா முதல்ல உன்னை எழுப்புவேன். பையைத் தொடமாட்டேன்," என்றேன்.

"எழுப்புங்க," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

உறக்கம் அன்றே வந்துவிடவில்லை. இரண்டு மூன்று வாரம் பத்து மணிக்கு உடம்பு தானாக விழித்துக்கொண்டது, பழகிய கடன்காரன் வருகிற மாதிரி. வியர்வை இல்லை, கனவு இல்லை, சும்மா விழிப்பு. அந்த விழிப்பில் கிடந்து நான் விட்டுவந்த இடங்களை நினைத்தேன். மல்பேயில் உறக்கம் போன மாதம் எது? மீன்பிடித் தடைக்காலம். படகு கிடையாது, ஐஸ் கிடையாது, ஒரு நேரம்தான் சோறு. கொல்லத்து ஆலையில் உறக்கம் போனது ஆலை பாதி நாள் மூடிக் கிடந்தபோது. அப்போதெல்லாம் எனக்குச் சர்க்கரை இல்லை, வயிற்றில் ஒன்றுமில்லை. பசி எழுப்பியதை மண் எழுப்பியதாக எடுத்துக்கொண்டு பஸ் ஏறியிருக்கிறேன். எல்லா ஊரும் அப்படி என்று சொல்லவும் முடியாது. செங்கல் சூளையில் மூன்று நேரமும் சோறு போட்டார்கள். அங்கே ஏன் உறக்கம் போனது என்று இன்றைக்கும் தெரியாது.

பை கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தது. ஒருநாள் பார்த்தால் அதில் அவள் வெட்டுத்துணிகளைத் திணித்து வைத்திருந்தாள். என் இரண்டு சட்டையும் கைலியும் துவைத்துக் கொடியில் கிடந்தன.

இப்போது ஆறு மணிக்குத் தட்டில் வைப்பதைத் தின்றுவிடுகிறேன். பதினொரு மணிக்கு மிஷின் நிற்கிறது. நிறுத்த வேண்டாம், சத்தத்தில் உறங்கப் பழகிவிட்டேன் என்று சொல்லிப் பார்த்தேன், அவள் கேட்கவில்லை. காயம் பட்ட மரங்களில் முண்டு விழுந்துவிட்டது. அந்த இடத்தைச் சுற்றி வெட்டுகிறேன்.

போன மாதம் ஒரு ராத்திரி, நல்ல வானம், பத்தரைக்கு விழிப்பு வந்தது. வியர்வை போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது. கொஞ்ச நேரம் கிடந்து பார்த்தேன். பிறகு சொன்னபடி அவள் தோளைத் தட்டினேன்.

விளக்கைப் போட்டு, கண்ணைக் கசக்கிக்கொண்டு, அவளே என் விரலில் குத்தினாள். மிஷின் யோசித்து எண்ணைக் காட்டியது. சரியான எண். ஒரு குறையும் இல்லை.

"எல்லாம் நல்லாத்தானே இருக்கு," என்றாள். "பின்னே எதுக்கு எழும்புனீய?"

"தெரியல்ல."

"தெரியலேன்னா என்னை எதுக்கு எழுப்புனீய?"

"எழுப்பச் சொன்னியே."

விளக்கை அணைத்துவிட்டுத் திரும்பிப் படுத்தாள். "நல்ல ஆளைப் பிடிச்சேன். முன்னே இவருக்கு மட்டும் உறக்கம் இல்ல. இப்போ ரெண்டு பேருக்கும் இல்ல."

முனகிக்கொண்டே கிடந்தாள். அவள் முனகல் நிற்பதற்குள் நான் உறங்கிவிட்டேன்.